குருதியின் சாட்சி

மதுவைத் துறந்தேன் என்பான் ஒருவன். பன்முறை ஏமாந்த இல்லத்தார் நம்பார். இந்நிலையில் மருத்துவ விஞ்ஞானம் இருசாரார்க்கும் உதவுகின்றது. மூச்சுச் சோதனை சில மணி நேரத்துக்கு முன் அருந்தியதையே காட்டும். சிறுநீரிற் காணும் எதயில் குளூக்குரோனைட்டு சில நாட்களுக்குச் சான்று பகரும். மதுசாரம் உட்சென்றாலன்றித் தோன்றாத பொசுபற்றிடைல் எதனோல் என்னும் பொருளோ, செங்குருதிக் கலங்களின் மென்சவ்வில் ஏறக்குறைய 2 முதல் 4 கிழமை வரை தங்கும்.

மதுவால் உயரும் ஈரல் நொதியங்கள் பிற நோயாலும் உயரும். மதுசாரங் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்தும் சிறுநீர்ச் சோதனையைப் பிறழச்செய்யக்கூடும். ஆதலின், ஒரு முடிவை மாத்திரங் கொண்டு எவனையும் பொய்யன் எனல் தகாது. சோதனைதோறும் குருதியில் அப்பொருளின் அளவு குறைந்து செல்லுமாயின், அவன் சொல்லுக்கு அவன் குருதியே சாட்சியாகும். இச்சோதனைகளைக் காவலாகவன்றித் துணையாகவே நாம் கருதுகின்றோம்.