அயல்நாட்டுப் பல்கலைக்கழக வகுப்பும் நம் மாணவரும்

முன்னுரை

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் ஒரு காலத்தில் செல்வர்க்கும் பேரறிவினர்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று மதுரை - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி போன்ற ஊர்களிலிருந்தும் மாணவர் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் செல்கின்றனர். அவர்களை வழியனுப்புங்கால் நாம் கடவுச்சீட்டு, விசா, கட்டணம், குளிராடை ஆகியன பற்றி நெடுநேரம் பேசுகிறோம். அங்குள்ள வகுப்பறையில் என்ன நேரும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அக்குறையை ஓரளவு நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தொலைபேசி அழைப்பு

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத இரவொன்றில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. இங்கே மணி பத்து. இங்கிலாந்தில் மாலை நாலரை. அதற்குள் அங்கு இருட்டிவிட்டதென்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார் என் பழைய மாணவர். கொட்டாம்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து வணிகவியல் பயின்றவர். என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவர். தந்தையார் நிலத்தை ஒத்திக்கு வைத்து அவரை முதுநிலைப் படிப்புக்கு அனுப்பியிருந்தார்.

"ஐயா, நான் எழுதிய கட்டுரை திருட்டு என்று சொல்கிறார்கள். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

அவர் செய்ததுதான் என்ன? நூல்களில் இருந்த பத்திகளை அவ்வாறே எடுத்துத் தம் கட்டுரையில் அமைத்திருந்தார். யாருடைய நூல் என்று குறிக்கவில்லை. "நூலில் உள்ளவாறு எழுதினால்தானே ஐயா நல்ல மதிப்பெண் தருவீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை எழவில்லை. நான் குறிப்புகளைச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு, தேர்வில் எழுத்துப் பிசகாமல் திருப்பி எழுதியபோது பாராட்டியவன் நானே. அவர்மேல் வந்த குற்றத்தில் பாதி என்னுடையது.

முன் சென்றோர் இருவர்

இவ்விடத்தில் நம் நாட்டு அறிஞர் இருவரை நினைவுகூர்தல் தகும். கணிதமேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14 அன்று இலண்டன் அடைந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி அவருக்கு இடமளித்தது. விடைகளை உள்ளுணர்வால் கண்டவர் அவர். பேராசிரியர் ஹார்டியோ ஒவ்வொரு படிக்கும் நிறுவல் வேண்டுமென்றார். தம் முறையைக் கைவிடாமலே புதிய முறையைக் கற்பது அவர்முன் நின்ற பணியாயிற்று. 1916இல் ஆய்வின்வழிப் பட்டம் பெற்றார்; 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

அப்பெருமகனுக்கும் அன்றாட வாழ்வு எளிதாக இல்லை. குளிரில் வாடிய அவர் கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதறியாது, அவற்றின் மேலேயே படுத்து உறங்கியதாகவும், நண்பர் மகலநோபிஸ் அதனைக் கண்டு விளக்கிக் காட்டியதாகவும் கூறுவர். உலகமே வியந்த கணிதம் அறிந்தவர் கம்பளி விரிக்கும் முறையை அறியாதிருந்தது இழிவன்று. அது யாரேனும் சொல்லித்தர வேண்டியது. போர்க்காலத்தில் மரக்கறி உணவுக்கு இடர்ப்பட்டு, உடல் நலிந்து, 1919இல் தாயகம் திரும்பி, 1920இல் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். உடலைப் பேணுதலும் கல்வியின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

மற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். முதலாண்டில் தனிமை அவரை வாட்டியது. 1931 மே மாதம் தாயார் மறைந்தபோதும் அவர் தொலைவிலேயே இருந்தார். ஆயினும் வகுப்பை விடவில்லை. டிராக் நடத்திய குவாண்டம் இயக்கவியல் விரிவுரைகளை அவர் நான்கு முறை கேட்டாராம். 1983இல் நோபல் பரிசு பெற்றவர் ஒரே பாடத்தை நான்கு முறை கேட்டார் என்றால், ஒரு முறை கேட்டு விளங்கவில்லை என்பதற்காக நம் மாணவர் நாணுதல் வேண்டா.

வகுப்புகளின் வகை

அயல்நாட்டு வகுப்பினை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது விரிவுரை. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து கேட்பது. குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் வழக்கம் அங்கில்லை. இரண்டாவது கருத்தரங்க வகுப்பு. சிறு குழுவினர் முன்கூட்டியே படித்துவந்து உரையாடுவது. மூன்றாவது ஆசிரியரைத் தனியே கண்டு ஐயம் தெளிவது. இதற்கென ஆசிரியர் வாரந்தோறும் நேரம் ஒதுக்கியிருப்பர்.

நம் மாணவர் முதல் வகையில் ஒருவாறு தேறுகின்றனர். மற்ற இரண்டிலும் வாய் திறவார். பேசாமையைப் பணிவென்று நாம் பழக்கியுள்ளோம். அங்கோ அதனைப் 'படித்து வரவில்லை' என்று கொள்வர். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும், அவர் கருத்தை மறுப்பதும் அங்கு அவமதிப்பு ஆகா.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் பாடம் கேட்கும் முறையை வகுக்குங்கால், ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் கால் பங்கே கைவரும் என்கிறார். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கருத்து. கருத்தரங்க வகுப்பின் இலக்கணம் இதுவே அன்றோ?

நேரக் கணக்கும் அறியத்தக்கது. இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு 180 மதிப்பலகு கொண்டது. ஒவ்வோர் அலகும் பத்து மணி நேர உழைப்பு. ஆக 1800 மணி நேரம். இதில் வகுப்பறையில் கழிவது சிறு பகுதியே. எஞ்சியது நூலகத்திலும் தனிப்படிப்பிலும் கழிய வேண்டும். வாரத்தில் சில மணி நேரமே வகுப்பு என்று கண்டு, எஞ்சிய பொழுதெல்லாம் ஓய்வு என்றெண்ணுவது பெரும்பிழை. பகுதிநேர வேலையும், கற்பிக்கும் காலத்தில் வாரம் 20 மணிக்கு மேற்படலாகாது என்பது மாணவர் விசா விதி.

மதிப்பெண்ணும் வேறு. அங்கு முதுநிலையில் 50 தேர்ச்சி. 70 பெற்றால் மிகச் சிறப்பு. இங்கே 85 பெற்றுப் பழகியவர் 62 கண்டு மனமுடைதல் வேண்டா.

பிறர் சொல்லும் தன் சொல்லும்

எல்லாவற்றினும் தலையாயது இதுவே. மாணவர் அளிக்கும் கட்டுரையை டர்னிட்டின் போன்ற கணினி மென்பொருள் பிற நூல்களோடும் கட்டுரைகளோடும் ஒப்பிட்டு, ஒத்த பகுதிகளைக் காட்டிவிடும். பிறர் தொடரை மேற்கோள் குறிக்குள் தந்து, யாருடையது எனச் சுட்ட வேண்டும். கருத்தை மட்டும் எடுத்தாலும் உரியவர் பெயர் வேண்டும். இரண்டொரு சொல்லை மாற்றிவிட்டால் அது தனதாகாது.

இதுவும் மேலைநாட்டார் கண்டுபிடித்த அறம் அன்று. தொல்காப்பியர் முன்னோர் கொள்கையை உரைக்குங்கால் 'என்ப', 'மொழிப' என்று சுட்டிச் செல்கிறார். ஹதீஸ் கலையிலோ, யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்நாத், அதாவது அறிவிப்பாளர் தொடர், ஆராயப்படாமல் ஒரு செய்தியும் ஏற்கப்படுவதில்லை. சொல்லுக்கு உரியவரைச் சொல்லுதல் அமானிதத்தைக் காத்தல் ஆகும். இவ்விரு மரபுக்கும் உரியவராகிய நாம் அதனை வகுப்பறையில் மறந்தது வியப்பே.

முடிவுரை

அந்த மாணவரிடம், "தம்பி, விசாரணையில் நடந்ததை நடந்தவாறே சொல். தெரியாமல் செய்தேன், கற்றுக்கொள்கிறேன் என்று சொல்" என்றேன். முதற்பிழை என்பதால் மீண்டும் எழுத இசைந்தனர். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது என்றும் கூறினர். அவர் நூலகத்தாரிடம் மேற்கோள் முறையைக் கேட்டுப் பயின்று, அப்படிப்பை முடித்தார். ஒத்தி நிலம் மீள்வதற்கு மேலும் மூன்றாண்டு ஆயிற்று.

அதன்பின் நான் என் வகுப்பில் குறிப்புச் சொல்லுவதை நிறுத்திவிட்டேன். ஒரு பக்கமேனும் தம் சொல்லில் எழுதுக, பிறர் கருத்தாயின் பெயர் குறிக்க என்கிறேன். முதலில் முணுமுணுத்தனர், இப்போது எழுதுகின்றனர்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். அயல்நாடு சென்ற பிள்ளையிடம் "எவ்வளவு மதிப்பெண்?", "எப்போது வேலை?" என்று மட்டும் கேளாதீர்கள். "வகுப்பு விளங்குகிறதா? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாய்?" என்று கேளுங்கள். அன்று அந்த அழைப்பு தந்தைக்குச் செல்லாமல் எனக்கு வந்தது. வீட்டிலேயே அச்சமின்றிச் சொல்லும் நிலை வந்தால், பாதித் துயர் அப்பொழுதே தீரும்.