உங்களுக்குத் தெரியுமா? ஆண்டறிக்கை வரைபடத்தையும் ஸ்கேல் வைத்து அளக்கலாம்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. கம்பெனி என்றாகிவிட்டால், அரசுடையதோ தனியாருடையதோ, ஆண்டுதோறும் கணக்கு வெளியிட்டாக வேண்டும். பல கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் முதலில் கண்ணில் படுவது வண்ண வண்ணப் பட்டை வரைபடங்கள்தான்.

அந்தப் படங்களுக்குத் தணிக்கையாளர் சான்று தருவதில்லை! நிதிநிலை அறிக்கைக்கு வெளியே உள்ள பகுதிகளை அவர் படித்து, கணக்கோடு பெரிதாக முரண்படுகிறதா என்று மட்டும் பார்ப்பார். இது தணிக்கைத் தரம் 720 சொல்லும் கடமை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விற்பனை 100 கோடியிலிருந்து 110 கோடி ஆகிறது, வளர்ச்சி 10%. செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 90-இல் தொடங்கினால், முதல் பட்டை 1 செ.மீ., அடுத்தது 2 செ.மீ. கண்ணுக்கு விற்பனை இரட்டிப்பானதாகவே தெரியும். அச்சில் எண்களே போடாவிட்டால் இன்னும் மோசம்.

பிரிட்டனின் 240 பெரிய கம்பெனிகளை ஆராய்ந்து பீட்டி, ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட முடிவு: முக்கிய நிதி வரைபடங்களில் சுமார் 30% கணிசமாகத் திரிந்திருந்தன. லாபம் நன்றாக இருந்த கம்பெனிகளே வரைபடத்தை அதிகம் நாடின. ஆகவே போன வருடம் இருந்த லாப வரைபடம் இந்த வருடம் காணோம் என்றால், நேரே லாப நட்டக் கணக்குப் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.