பத்திரத்தில் முடியாத பந்தம்
முத்திரைத் தாள், பஞ்சாயத்து, திருச்சபை தீர்ப்பு: எல்லையோரத் தமிழர்களின் மணமுறிவுகள் சட்டத்தின் முன் செல்லுமா?

முத்திரைத் தாளில் சில வரிகள். 'இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை' என்ற வாசகம். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. தாலி திரும்புகிறது, சீர்ப் பாத்திரங்கள் திரும்புகின்றன. கதை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

முடிவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை கிராமங்களிலும், இடுக்கியின் மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாழும் தமிழர்களுக்கு உறவு பாதி எல்லைக்கு அப்பால். பெண் எடுப்பது போடியிலோ பொள்ளாச்சியிலோ, வாழ்வது மலையில். மணம் கசந்தால் முதலில் கூடுவது பஞ்சாயத்துதான். வக்கீல் வீட்டு வாசல் கடைசியில்தான் தெரிகிறது.

1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வழக்காற்று மணமுறிவை அடியோடு ஒழித்துவிடவில்லை. 29(2) பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. வழக்கம் நிரூபிக்கப்படவில்லை, பத்திரம் எழுதி முடித்ததாகச் சொல்லப்பட்ட மணமுறிவு செல்லவில்லை. அதே கதி பல லயத்துப் பத்திரங்களுக்கும் நேரலாம். முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது நடக்கும் மறுமணம் செல்லாது. இருதார மணக் குற்றம் வேறு. எஸ்டேட் பதிவேட்டில், பி.எஃப். படிவத்தில், ரேஷன் கார்டில் யார் பெயர் என்ற சண்டை பெரும்பாலும் கணவன் இறந்த பிறகுதான் வெடிக்கிறது. நஷ்டப்படுபவள் அநேகமாக இரண்டாவதாக வந்தவள். பிள்ளைகளை மட்டும் சட்டத்தின் 16-வது பிரிவு காப்பாற்றுகிறது. திருமணம் செல்லாதென்றாலும் அவர்கள் முறையான வாரிசுகளே.

பத்திரத்தில் பிரிவது பாலக்காட்டுக்குப் புதிதல்ல என்பது ஒரு வேடிக்கை. அது மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தபோது வந்த 1932-ம் ஆண்டு மருமக்கத்தாயச் சட்டம், தம்பதி இருவரும் சேர்ந்து பத்திரம் பதிவு செய்து பிரிய வழி வைத்திருந்தது. (சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானம்.) அது மருமக்கத்தாயக் குடும்பங்களுக்கான சலுகை. பக்கத்துத் தெருத் தமிழர் அதைப் பார்த்துப் பத்திரம் எழுதினால் பலன் கிடையாது.

கிறிஸ்தவர்களின் கதை வேறு. தோட்டங்களில் அவர்கள் கணிசம். 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் கள்ள உறவை நிரூபித்தாலே கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ அது போதாது. கணவனின் கள்ள உறவோடு கொடுமையோ, இரண்டாண்டுக் கைவிடலோ சேர்ந்திருக்க வேண்டும். அடித்துத் துவைத்த கணவன் 'ஒழுக்கமானவனாக' இருந்துவிட்டால் அவளுக்குக் கதி இல்லை. கைவிடப்பட்ட கிறிஸ்தவப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1995 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த முடிச்சை அறுத்தது. கொடுமையும் கைவிடலும் தனித்தனியே போதிய காரணங்கள் என்றது. நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 2001-ம் ஆண்டின் திருத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே காரணங்களைத் தந்தது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்ற நெடும் பயணமும் ஒழிந்தது.

பரஸ்பர சம்மதத்தில் பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது. ஆனால் மற்றவர்களுக்கு ஓராண்டுப் பிரிவு போதும், கிறிஸ்தவர்களுக்கு இரண்டாண்டு. இந்தப் பாரபட்சத்தை 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் ஓராண்டாகக் குறைத்தது. 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் கட்டாயக் காத்திருப்பும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது.

அதிகக் குழப்பம் 'ரத்து' விஷயத்தில்தான். விவாகரத்து, இருந்த மணத்தை முறிப்பது. ரத்து என்பது அந்த மணமே சட்டப்படி குறையுள்ளது என்று அறிவிப்பது. ஆண்மையின்மை, முந்தைய துணை உயிரோடிருப்பது, மோசடி அல்லது மிரட்டலால் பெற்ற சம்மதம் போன்றவை இதற்குக் காரணங்கள். இந்து சட்டத்தில் மோசடி என்றால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொத்து வாழ்ந்திருந்தால் வழக்கு நிற்காது. பஞ்சாயத்துகள் இழுத்தடிப்பதிலேயே இந்த ஓராண்டு போய்விடுவது உண்டு. நெருங்கிய உறவு என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அக்காள் மகளை மணந்த தமிழ் இந்து பயப்பட வேண்டாம். வழக்கம் அனுமதித்தால் சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை நடுவர் மன்றம் ரத்து செய்தால்? கேரளத்திலிருந்து போன வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. திருச்சபைத் தீர்ப்பு மதத்துக்குள் செல்லும். சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்கு மாற்றாகாது. அந்தத் தீர்ப்பை நம்பி மறுமணம் செய்த பெண்ணின் இரண்டாம் திருமணம் செல்லாததாயிற்று. திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட பொதுநல மனுவும் 2017-ல் தள்ளுபடி ஆனது. ஆலயத்தில் மறுமணம் செய்ய விரும்பும் கத்தோலிக்கர் இரண்டு படியும் ஏறித்தான் ஆக வேண்டும்.

கடைசியில், எந்த ஊர்க் கோர்ட்? 2003-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்து மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். மூணாறிலிருந்து தேனிக்குத் தாய் வீடு திரும்பியவள் மலையேறத் தேவையில்லை. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வசதி எழுதப்படவில்லை. மணம் நடந்த இடம், தம்பதி வசிக்கும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம்தான் கணக்கு. கல்யாணம் பெண் வீட்டு ஊர்க் கோயிலில் நடந்திருந்தால் பிழைத்தாள். கணவன் முந்திக்கொண்டு கேரளத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்றக் கேட்டு அவள் உச்ச நீதிமன்றத்தையே அணுக வேண்டும். போடிமெட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு ஃபைல் போக, வழி டெல்லி.