பாலர் பள்ளி தந்த பழக்கம்

வகுப்பிலே கணக்கொன்றைக் கொடுத்தால், மாணவர் பெரும்பாலோர் விடையைக் கண்டவுடனே கொப்பியைத் தூக்கிக்கொண்டு மேசையடிக்கு வந்துவிடுவர். "சரியோ சேர்?" என்பதே அவர்தம் கேள்வி. ஒருமுறை திருப்பிப் பார்த்தாற் பிழை தம் கண்ணுக்கே புலப்படும், ஆயினும் பார்ப்பதில்லை. பிழை காண்பது வாத்தியாரின் வேலை, சிவப்பு மையும் அவருக்கே உரியது என்று எண்ணுகின்றனர் போலும். ஓரிருவர் மாத்திரம் எழுந்து வாரார். இருந்த இடத்திலேயே விடையை மறுதலையாகப் போட்டுப் பார்த்து, தலையை அசைத்து, அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவர். இவர்கள் வகுப்பில் முதலாம் பிள்ளைகளாய் இருக்கவேண்டும் என்பதில்லை. இப்பழக்கம் வீட்டிலிருந்து வந்திருக்கலாம். பிறவிக் குணமாகவும் இருக்கலாம். ஆனால், மூன்றாம் வயதிலேயே இதனைப் பிள்ளைக்குப் பயிற்றுவதற்கு ஒரு வழியை வகுத்தவர் மரியா மொண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870இல் இத்தாலியிலே பிறந்தவர். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றவர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பிலே, பெற்றோர் வேலைக்குப் போனபின் பார்ப்பாரின்றித் திரிந்த சிறுவர்க்காக முதலாவது 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். பணம் படைத்தோரின் பள்ளி என்று பல நாடுகளிற் பெயரெடுத்துவிட்ட இம்முறை, சேரிப் பிள்ளைகளிடத்தே பிறந்தது என்பதை மறத்தலாகாது.

அம்மையார் அமைத்த கருவிகளுள் ஒன்றை மாத்திரம் இங்கே சொல்கின்றேன். நீண்ட மரக்கட்டையொன்றிலே பத்துக் குழிகள். அவற்றுக்கு அளவான பத்து மர உருளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் பிடித்துத் தூக்குதற்கு ஒரு சிறு குமிழ். பிள்ளை உருளைகளை வெளியே எடுத்துக் கலந்துவிட்டு, அதனதன் குழியில் மீண்டும் இடவேண்டும். ஒன்றைச் சற்று அகன்ற குழியில் இட்டுவிட்டாற் கடைசியில் ஓர் உருளை இடமின்றிக் கையில் எஞ்சும். ஆசிரியை வாய் திறக்கவேண்டியதில்லை. கட்டையே பிழையைச் சொல்லிவிடும். பிள்ளை அடிக்குப் பயமின்றி, பிறர்முன் வெட்கமின்றி, எல்லாவற்றையும் கழற்றித் திரும்பவும் அடுக்கும். அந்த வேலையைத் தெரிந்தெடுத்ததும் பிள்ளையே. முடியும்வரை குறுக்கிடுவார் இல்லை. மூன்று வயதினரும் ஆறு வயதினரும் ஒரே அறையில் இருப்பதால் மூத்தது இளையதற்குக் காட்டிக் கொடுக்கும். அரத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவி அறிதலும் உண்டு. ஏடு தொடக்கும் நாளில் நம் பிள்ளையின் விரல் அரிசியிற் கீறுவதை அது நினைவூட்டும். அங்கே அது நாள்தோறும் நிகழ்வது.

இப்படி வளர்ந்தோர் பின்னாளில் எப்படி இருந்தனர்? ஆன் பிராங்கு என்னும் யூதச் சிறுமியின் கதையைப் பாருங்கள். அவளுடைய குடும்பம் ஜெர்மனியைவிட்டு ஒல்லாந்துக்குப் பெயர்ந்தபின், 1934இல் அம்ஸ்ரர்டாம் நகரத்து மொண்டிசோரி பள்ளியொன்றில் அவள் சேர்க்கப்பட்டாள். அமைதியான தமக்கை மார்கோ சாதாரணப் பள்ளிக்குப் போனாள். ஓரிடத்தில் இராது ஓயாமற் பேசும் ஆனுக்கு இதுவே பொருந்தும் என்பது தந்தையாரின் எண்ணம். யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளிகளுக்கே செல்லவேண்டும் என்ற நாசிகளின் ஆணையால் 1941இல் அப்பள்ளியைப் பிரிந்தாள். மறைந்திருந்த வீட்டில் அவள் எழுதிய நாட்குறிப்பை உலகம் அறியும். அதனை அவள் இரண்டாம் முறையும் எழுதினாள் என்பதைப் பலர் அறியார். 1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், போர்க்காலக் குறிப்புகளைப் பேணி வையுங்கள் என்று வானொலியில் ஒலித்த வேண்டுகோளைக் கேட்டபின், பதினான்கு வயதுப் பிள்ளை தான் முன்னே எழுதியவற்றை எடுத்து, வேண்டாதவற்றை வெட்டி, விடுபட்டவற்றைச் சேர்த்து, தனித் தாள்களிலே புதிதாக எழுதலானாள். புள்ளி போடுவார் எவரும் அங்கில்லை. ஆகத்து 4ஆம் நாள் பிடிபட்டதோடு அவ்வேலை நின்றது. இதற்கெல்லாம் பள்ளியே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும், கட்டையைக் கழற்றித் திரும்பவும் அடுக்கும் குழந்தை அப்போது என் கண்முன் வந்து நிற்கின்றது. 1957இல் அப்பள்ளிக்கு அவள் பெயரையே இட்டனர்.

கொலம்பியா நாட்டு நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் வாசிக்கப் பழகியதும் இத்தகைய பள்ளியிலேதான். 2002இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அதனை அவர் நன்றியோடு போற்றியிருக்கின்றார்.

பேர்பெற்ற இருவரைக் காட்டுவது சான்றாகாது. கல்வியில் அக்கறையுள்ள பெற்றோர்தாமே இப்பள்ளிகளை நாடுகின்றனர், பிள்ளைகளின் சிறப்பு வீட்டால் வந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே அரசாங்க மொண்டிசோரி பள்ளியொன்றுக்குச் சீட்டுக் குலுக்கியே பிள்ளைகளைச் சேர்த்தனர். சீட்டு விழுந்த பிள்ளைகளையும், விண்ணப்பித்தும் விழாதவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஐந்து வயதில் மொண்டிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னின்றனர். பன்னிரண்டு வயதிலோ அவற்றில் வேறுபாடில்லை! ஆனால் அவர்கள் எழுதிய கதைகளிலே கற்பனை மிகுந்திருந்தது. சகபாடிகளோடு எழும் பிணக்கைத் தீர்க்கும் வழியையும் நன்கு கண்டனர். புள்ளிகளால் வரும் முந்துகை கரைந்தது, கரையாதது வேறொன்று. 2021இல் ஏறத்தாழ 1,900 வளர்ந்தோரை வினவிய மற்றோர் ஆய்வில், இப்பள்ளிகளிற் கூடுதலான ஆண்டுகள் பயின்றோர் வாழ்விலே கூடுதலான மனநிறைவு காட்டினர். அது சீட்டுக் குலுக்கி எடுத்த கணக்கன்று. ஆதலால் அதனை அளவோடு நம்புகின்றேன்.

அம்மையார் 1939இல் அடையாற்றுப் பிரமஞான சபையாரின் அழைப்பின்பேரிற் சென்னைக்கு வந்தார். உலகப்போர் அவரை இந்தியாவில் நிறுத்திவைத்தது. 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்றோ நம் நாட்டில் 'மொண்டிசோரி' என்பது முதலாம் வகுப்புக்கு முந்திய எந்தப் பள்ளிக்கும் பொதுப்பெயர். எனக்கு உறவான நான்கு வயதுப் பிள்ளையொன்று அப்பெயர்ப் பலகை தொங்கும் ஓரிடத்திற் பயில்கின்றது. மாலையில் மூன்று பக்கம் எழுத்து எழுதவேண்டும், எழுதியதும், "சரியோ அம்மா?" என்று கொப்பியை நீட்டுகின்றது. பத்தாண்டின் பின் என் மேசையடிக்கு வரப்போகும் பிள்ளை அது.

பள்ளி தேடும் தாய்மார் கலைவிழா நாளிற் போகாது, சாதாரண நாளொன்றிற் போய் வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். உருளைகளும் இளஞ்சிவப்புக் கோபுரமும் கண்ணாடி அலுமாரியிற் பூட்டிக் கிடந்தால் திரும்பிவிடுங்கள். அவை பிள்ளைகளின் கைக்கெட்டும் தட்டிலிருந்து, விரல் பட்டுப்பட்டு வண்ணம் தேய்ந்திருந்தால், உள்ளே போய் ஆசிரியையோடு பேசலாம்.