கார்புரேட்டர் கிளீனிங்: 150 ரூபாயா, 900 ரூபாயா? எது நியாயமான கூலி?

காலையில் நாலு உதை உதைத்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் அடைச்சிருக்குண்ணே, கழட்டி கிளீன் பண்ணிடலாம்" என்கிறார். "எவ்ளோ ஆகும்?" என்று கேட்டால்தான் சிக்கல். தெருமுனைக் கடையில் 150 என்பார்கள். மெயின் ரோட்டுப் பட்டறையில் 400. 'டியூனிங் பேக்கேஜ்' என்று போர்டு மாட்டிய கடையில் 900 வரை பில் வரும்.

150 கேட்டவர் நல்லவர், 900 கேட்டவர் கொள்ளைக்காரர் என்று உடனே முடிவுகட்ட முடியாது. 'கார்புரேட்டர் கிளீனிங்' என்ற ஒரே பெயரில் வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. எந்த வேலை நடந்தது என்று தெரியாமல் காசு கொடுத்தால், 150 ரூபாய்கூட அதிகம்தான்.

முதலில், உங்கள் வண்டியில் கார்புரேட்டர் இருக்கிறதா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி வந்ததும், ஓரிரு மாடல்கள் தவிர மற்ற பைக்குகள், ஸ்கூட்டர்கள் எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் கழற்றிச் சுத்தம் செய்யக் கார்புரேட்டரே கிடையாது. அதன் இடத்தில் இருப்பது த்ராட்டில் பாடி. அதைச் சுத்தம் செய்வது தனி வேலை, தனிக் கூலி. 2022-ல் வாங்கிய வண்டிக்கு பில்லில் 'கார்புரேட்டர் கிளீனிங்' என்று இருந்தால், "எந்த கார்புரேட்டர்ங்க?" என்று அங்கேயே கேட்டுவிடலாம். பெரும்பாலும் பழைய பில் ஃபார்மட்டை அப்படியே டிக் அடித்திருப்பார்கள்.

இந்தச் செலவு யாருக்கு வருகிறது என்று பார்த்தால், 2020-க்கு முந்தைய ஸ்பிளெண்டர், பல்சர், ஆக்டிவா, புல்லட், எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவர்களுக்குத்தான். செகண்ட் ஹேண்டில் எடுத்து டெலிவரிக்கு ஓட்டுபவர், எக்ஸ்எல்லில் பால் கேன் கட்டிப் போகிறவர், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர் பலரும் இதில் அடக்கம். வண்டி ஒருநாள் நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானமும் நின்றது. 'பத்து நிமிஷத்துல முடிச்சு குடுங்கண்ணே' என்ற அவசரமும், அரைகுறை வேலையும் அங்கேதான் சந்திக்கின்றன.

உள்ளே என்னதான் அடைக்கிறது?

கார்புரேட்டரின் வேலை காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலப்பது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கும். அது குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டாமல் ஃப்ளோட்டும் அதன் ஊசி வால்வும் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து பித்தளை ஜெட்டுகள் வழியாகப் பெட்ரோல் மேலே உறிஞ்சப்படுகிறது. ஓட்டத்தில் வேலை செய்வது மெயின் ஜெட். வண்டி சும்மா நின்று ஓடும்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட். அடைப்பு பெரும்பாலும் வருவது இந்த ஸ்லோ ஜெட்டில்தான். அதன் துளை அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. டேங்க் துருவில் ஒரு துகள் போதும், ஐடிலிங் போய்விடும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, பிசுபிசுப்பான கோந்து மாதிரி ஒரு படிவு மிஞ்சும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. 20 சதவீத எத்தனால் பற்றிய சர்ச்சை 2025 ஆகஸ்டில் கிளம்பியபோது மத்திய பெட்ரோலியத் துறை அளித்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20,000 – 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைந்த வேலைதான் என்று சொல்லப்பட்டது. செலவு குறைவுதான். ஆனால் அதைச் செய்ய கார்புரேட்டரை முழுதாகப் பிரிக்க வேண்டும்.

ஒரே பெயர், வேறு வேறு வேலை

150 ரூபாய்க்கு வழக்கமாக நடப்பது இதுதான்: கிண்ணத்தை மட்டும் கழற்றுவார்கள், அல்லது கார்புரேட்டரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பார்கள். கம்ப்ரசர் காற்று இரண்டு ஊது. ஐடில் ஸ்க்ரூவை ஒரு திருகு திருகி ரேஸ் ஏற்றிவிட்டால், "இப்ப பாருங்க, ஆஃப் ஆகுதா?" ஆகாது. ரேஸ் கூடியதால் நிற்காமல் ஓடுகிறதே தவிர, அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஒரு வாரத்தில் மைலேஜ் குறைவதில் அது தெரியும். லேசான அழுக்குக்கு இந்த 20 நிமிட வேலையே போதும் என்ற நேரமும் உண்டு. அப்படிச் சொல்லிச் செய்தால் 100 – 150 ரூபாய் நியாயம்.

முழு வேலை வேறு. கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். ஜெட்டுகள், ஊசி வால்வு, ஃப்ளோட், ஓ-ரிங் எல்லாம் தனித்தனியாக வெளியே வர வேண்டும். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி வைக்க வேண்டும். துளை ஒவ்வொன்றிலும் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அதற்கப்புறம்தான் டியூனிங். குளிர்ந்த இன்ஜினில் செய்யும் டியூனிங் இன்ஜின் சூடானதும் மாறிவிடும். 100 சிசி வண்டிக்கு இது எல்லாம் சேர்த்து ஒன்றே கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேர வேலை. பழைய கிளாசிக் 350 போன்றவற்றில் உள்ளே மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் வேறு இருக்கும். அது கிழியாமல் வெளியே எடுத்து மாட்ட வேண்டும், கார்புரேட்டரை எட்டவே ஏர் பாக்ஸை நகர்த்த வேண்டும். இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துபவர்களிடம் மட்டும் வண்டியை விட வேண்டாம். பித்தளை மெதுவான உலோகம். ஒருமுறை துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான். பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

மெக்கானிக் பக்கத்துக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு மாவட்டத் தலைநகரில் சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை 8,000, கரன்ட்டும் சில்லறைச் செலவும் 2,000, வேலைக்கு ஒரு பையன் 12,000, மெக்கானிக் வீட்டுக்கு 25,000. மொத்தம் மாதம் 47,000. மாதம் 25 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு 1,880 ரூபாய் வர வேண்டும். இரண்டு பேர் இருந்தாலும் நாள் முழுக்கக் காசு வரும் வேலை இருக்காது. காற்று பிடிக்க, கேபிள் இறுக்க, "சும்மா பாருங்கண்ணே" என்று வருகிறவர்களுக்கே பாதி நேரம் போகும். காசு வரும் நேரம் எட்டு மணி என்று எடுத்தால், மணிக்கு 235 ரூபாய். அதே கடைக்குச் சென்னையில் 20,000 வாடகை என்றால் மணிக்கு 295.

இந்தக் கணக்கில் 100 – 125 சிசி வண்டியின் முழு வேலைக்கு கூலி 350 முதல் 450 ரூபாய். கிளீனருக்கு 50 சேர்த்தால் 400 முதல் 500. புல்லட் ரகத்துக்கு 550 முதல் 750 வரை. இதற்குக் கீழே யாராவது 'ஃபுல் கிளீனிங்' என்று சொன்னால், ஒன்று அவர் தன் உழைப்பை நஷ்டத்தில் விற்கிறார், அல்லது ஃபுல்லாகச் செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் கையில் பெட்ரோலோடு உட்கார்ந்தவரிடம் "இருநூறு வெச்சுக்கங்கண்ணே" என்று பேரம் பேசுவதும் நியாயமில்லை.

கூலிக்கு மேல் வருவது உதிரிபாகம். ஓ-ரிங், கேஸ்கெட் கிட், ஊசி வால்வு, ஜெட் எல்லாம் சாதாரண வண்டிக்குச் சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை தொடங்கி எல்லா ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்குகின்றன. கிட் மாற்றினால் அதன் கவரையும் பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கவரில் உள்ள எம்ஆர்பியிலேயே வரி அடக்கம், அதற்கு மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது. கிளீனர் ஸ்ப்ரே ஒரு கேன் பல வண்டிக்கு வரும். முழு கேன் விலையையும் ஒரே வண்டியின் பில்லில் ஏற்றியிருந்தால் அதைக் கேட்பதில் தப்பில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 400 ரூபாய் கூலி 472 ஆவது அப்படித்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்னப் பட்டறைகள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாத கடை, 'ஜிஎஸ்டி' என்று தனியாக வசூலிக்கவே முடியாது.

900 எப்போது சரி?

கிட் மாற்றி, டேங்கைக் கழற்றித் துரு அலசி, பெட்ரோல் ஃபில்டரும் போட்டால் 900-க்கு மேலேகூட ஆகலாம். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் தனிக் கணக்கு. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு வெறும் கார்புரேட்டர் கிளீனிங் போதவில்லை. டேங்க், ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் எல்லாம் பார்த்தாக வேண்டிய நிலை. ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் இதற்கு ஆயிரங்களில் கொடுப்பார்கள். அது ஆசைக்கான விலை, அதை வைத்து ஸ்பிளெண்டருக்குக் கூலி பேச வேண்டாம்.

வெறும் கிளீனிங், டியூனிங் மட்டும் செய்த ஸ்பிளெண்டருக்கு 900 என்றால் அதிகம்.

கோளாறு அங்கேதானா?

எல்லாவற்றிலும் பெரிய வீண் செலவு, கார்புரேட்டரில் இல்லாத கோளாறுக்கு அதைக் கழற்றுவது. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், பிளக் தேய்ந்தாலும், டேப்பெட் இடைவெளி கெட்டாலும், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விட்டாலும் ஏறத்தாழ இதே தொல்லைகள்தான் வரும். கழற்றும் முன் கேட்க வேண்டியது, "பிளக்கையும் ஃபில்டரையும் பாத்தீங்களாண்ணே?"

வீட்டிலேயே தெரிந்துகொள்ளச் சில வழிகள் உண்டு. இன்ஜின் சூடான பிறகும் சோக் போட்டால்தான் வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஸ்லோ ஜெட் அடைப்பாகவோ, அந்த ரப்பர் வழியாகக் காற்று புகுவதாகவோ இருக்கலாம். பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் மேல். வண்டியை நிறுத்தி வைத்தாலும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால், ஊசி வால்வு. சுத்தம் செய்த பத்தாம் நாளே மறுபடி அடைத்தால் குற்றவாளி டேங்க் துரு. அதை விட்டுவிட்டு மூன்றாவது முறை கார்புரேட்டருக்குக் காசு கொடுப்பது வீண்.

வண்டியை வாங்கும்போது

இன்ஜின் சூடாக இருக்கும்போதே பாருங்கள். ஐடிலிங் ஒரே சீராக இருக்க வேண்டும், 100 சிசி வண்டிகளில் சுமார் 1,400 ஆர்பிஎம். ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்பினால் ரேஸ் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் சரியாகப் போடப்படவில்லை. ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விட்டால் திணறாமல் ஏறி, தொங்காமல் இறங்க வேண்டும். டியூனிங் சரியா என்று காகிதத்திலேயே பார்க்க ஆசை இருந்தால், மாசு பரிசோதனை மையத்தில் சிறு கட்டணம்தான். 2000-க்குப் பிறகு வந்த பழைய ரக 4 ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம். ரீடிங் அந்த வரம்பை ஒட்டி நின்றால், சான்றிதழ் கிடைத்தாலும், மிக்ஸர் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அதே தொல்லை ஒரு வாரத்துக்குள் திரும்பினால் கூலி இல்லாமல் பார்த்துத் தருவது நல்ல பட்டறைகளின் வழக்கம். இதை முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. துண்டுச் சீட்டிலாவது பில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. 400 ரூபாய் கூலிக்காக யாரும் அங்கே போகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பழக்கமில்லாத கடையில் வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது, ஒரிஜினல் கார்புரேட்டர் போய் டூப்ளிகேட் வந்து உட்கார்ந்த கதைகளும் உண்டு. கார்புரேட்டர் பாடியில் தயாரித்த கம்பெனியின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். வண்டியை விடும் முன் செல்போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள அரை நிமிடம் போதும்.