கழித்த இயந்திரமும் காத்த கொப்பியும்

பழையன கழிவதை இலக்கணம் வழுவாகக் கொள்வதில்லை. ஆயினும், கழிந்த யாவற்றையும் குப்பையிலே கொட்டிவிட வேண்டுமென்று எந்த இலக்கண நூலும் விதிக்கவில்லை. கடலுக்கு உதவாத பழைய வலையை வேலியிலே கட்டி, ஆட்டின் வாயிலிருந்து பயிரைக் காப்பது எங்கள் வங்காலையிலே கண்கண்ட வழக்கம். கொழும்பிலே ஒரு நிறுவனம் கழித்துவிட்ட இயந்திரமொன்றை, ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய நான் விலைகொடுத்து வாங்கி வந்தபோது, என் நெஞ்சிலிருந்த எண்ணமும் ஏறக்குறைய அத்தகையதே.

"தமிழ் படிப்பிச்ச மனிசனுக்கு இந்த இரும்புப் பெட்டி என்னத்துக்கு?" என்று வீட்டிலே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். விடை சற்று நீளமானது. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொப்பி வந்த கதை

மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க ஊர்களிலே நாட்டுக்கூத்து வழிவழியாக வளர்ந்த கலை. நாடகம் என்றும் வாசகப்பா என்றும் அவை வழங்கும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு எனப் பாங்கும் வேறுபடும். அவற்றுள் அச்சேறியவை சில. அண்ணாவிமாரின் கையெழுத்துக் கொப்பிகளிலேயே தங்கிவிட்டவை பல. 1990ஆம் ஆண்டுப் போரில் மக்கள் இடம்பெயர்ந்து சென்றபோது அத்தகைய கொப்பிகளுட் பல திரும்பி வரவில்லை. திரும்பி வந்த ஒன்று, காலஞ்சென்ற அண்ணாவியார் ஒருவரின் மகளிடம் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம், நீல மை.

"தம்பி, இது அப்பா எழுதினது. படம் எடுத்துப்போட்டுக் கையோட கொண்டுவந்து தாங்கோ" என்று அந்த அக்கா ஒரு துணியிலே சுற்றித் தந்தார். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து என் மடிகணினியிலே சேமித்தேன். கொப்பியை மறுநாளே ஒப்படைத்தேன். கடமை முடிந்ததென்று மகிழ்ந்தேன்.

இரண்டாண்டுகள் சென்றபின் மாணவர் சிலர் கூத்தொன்றை ஆட விரும்பிப் பாட்டுக் கேட்டு வந்தனர். படங்களைத் திறந்தேன். ஒரு பக்கம் மேற்பாதி எழுத்தாகவும், கீழ்ப்பாதி வெறுஞ் சாம்பல் நிறமாகவும் தோன்றியது. கணினி எந்தக் குறையும் சொல்லவில்லை. அந்தப் படம் மாத்திரம் தானாகவே சிதைந்து கிடந்தது. அக்காவிடம் ஓடினேன். அதற்கிடையில் அந்த ஏடு மடிப்பிலே முறிந்து உதிர்ந்து போயிருந்தது. மூன்று தருக்கள் இரண்டிடத்திலும் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

யாப்பும் இயந்திரமும்

காந்தத் தட்டிலே பதிந்த ஒரு சிறு குறி நாளடைவில் மாறிவிடக்கூடும் என்பதையும், சாதாரணக் கணினி அதனை அறியாமலேயே மாறியதை எடுத்துத் தரும் என்பதையும் பின்னரே கற்றேன். இதற்கு மருந்து உண்டா என்று தேடியபோதுதான் 'சேர்வர்' எனப்படும் வழங்கிகளைப் பற்றி அறிந்தேன். வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும், குளிரூட்டிய அறையிலே, 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டகத்தில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, பல கணினிகள் கேட்பவற்றை இடையறாது எடுத்து வழங்குவன அவை. சில ஆண்டுகள் சென்றதும், பழுதுற்றதனாலன்று, உத்தரவாதக் காலம் முடிந்ததனாலேயே பெரும்பாலும் கழிக்கப்படுகின்றன. ஆதலால், புதிய மடிகணினியின் விலையிலும் குறைந்த விலைக்கு அவை கிடைக்கின்றன.

அவற்றின் சிறப்பு வேகமன்று. பிழையைக் கண்டு திருத்தும் ஆற்றலே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே பணிபுரிந்த ரிச்சர்ட் ஹமிங் என்பார், வார விடுமுறையில் ஆளின்றி இயங்கிய கணிப்பொறி, பிழையொன்றைக் கண்டவுடன் தம் கணக்கைக் கைவிட்டு விடுவதனைக் கண்டு சலிப்புற்றார். பிழை உண்டென்று அறியும் பொறி, அது எவ்விடத்ததென்று அறிந்து திருத்தலாகாதோ என்று சிந்தித்தார். அதன் பயனாக 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு வித்து. இன்று வழங்கிகளின் நினைவகத்திலே 64 குறிகளுக்கு 8 குறிகள் காவலாகச் சேர்க்கப்படுகின்றன. ஒரு குறி பிறழ்ந்தால் அது திருத்தப்படும். இரண்டு பிறழ்ந்தால் பிழை உண்டென்பதேனும் தெரியவரும்.

தமிழ் கற்றோர்க்கு இது புதுமையன்று. வெண்பாவை ஏடெழுதுவோன் பிழைபட எழுதினால் தளை தட்டும். பிழை உண்டென்று உடனே தெரிந்துவிடும். எதுகையும் மோனையும் விழுந்த எழுத்து யாதென்று காட்டும். அந்தாதியில் ஒரு செய்யுள் அழிந்தாலும் அதன் முதலும் ஈறும் அயற் செய்யுள்களிலே எஞ்சி நிற்கும். செவிக்கு இனிமை தரும் யாப்பு, ஏட்டுக்குக் காவலாகவும் இருந்திருக்கிறது. வசனத்துக்கு அந்தக் காவல் இல்லை. என் மடிகணினிக்கும் இல்லை.

உயிர் பெற்ற வரலாறு

பெட்டி வந்து சேர்ந்தது. இருவர் தூக்க வேண்டிய கனம். உடன் வந்த மின்வடமோ சட்டகத்து மின்பலகைக்கே பொருந்துவது; சுவரிலே பொருத்த முடியாது. வீட்டுக் கணினியின் வடத்தை மாட்டி ஆளியைப் போட்டதும், உள்ளிருந்த காற்றாடிகள் கச்சான் காற்றுப்போல் ஓலமிட்டன. கோழிகள் கலைந்தோடின. ஓலம் தணிந்தது, ஆனால் திரையிலே ஒன்றும் தோன்றவில்லை. மஞ்சள் விளக்கொன்று மாத்திரம் கண் சிமிட்டியது.

நினைவகப் பலகை பழுதுபோலும் என்றெண்ணி, கடையிலே சாதாரணக் கணினிக்குரிய பலகையொன்றை வாங்கி வந்து செருகினேன். அது வீண் செலவு. வழங்கிக்குரிய பலகை வேறினம். இரண்டும் ஒன்றோடொன்று சேரா. என் பழைய மாணவன் ஒருவன், கணினித் தொழில் பயின்றவன், தொலைபேசியிலே வழி சொன்னான்: "எல்லாத்தையும் கழட்டுங்கோ சேர். முதலாவது இடத்தில ஒண்டை மட்டும் வைச்சுப் பாருங்கோ. பிறகு ஒவ்வொண்டாச் சேருங்கோ."

சொற்களைப் பிரித்து வாக்கியப் பிழை காண்பது போன்ற முறைதான். ஐந்தாவது பலகையிலே குற்றம் வெளிப்பட்டது. அதன் பொன்முலாம் பூசிய விளிம்பு மங்கியிருந்தது. மாணவர் அழிறப்பரால் மெல்லத் துடைத்துச் செருகினேன், இயந்திரம் விழித்தது. நாணயம் போன்ற சிறிய மின்கலம் செத்திருந்தமையால் அது காலத்தை மறந்திருந்தது. அதனையும் மாற்றினேன்.

கடைசித் தடையே பெருந்தடை. உடன் வந்த நான்கு வன்தட்டுகளும் கண்ணுக்குத் தெரிந்தன. எழுத இடம் தரவில்லை. சாதாரண முறையில் வன்தட்டின் ஒவ்வொரு கூறும் 512 பைற்று அளவினது. பெரும் சேமிப்பகங்களிற் சில, சரிபார்ப்புக் குறிப்புக்காக எட்டைக் கூட்டி 520 ஆக வகுத்துக்கொள்ளும். இவை அத்தகைய இடத்திலிருந்து வந்தவை. திறந்த மூல மென்பொருளொன்றினால் மீண்டும் 512 ஆக வகுக்கலாம். ஆனால் ஒரு தட்டுக்குப் பல மணிநேரம் செல்லும், இடையிலே மின்சாரம் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை இந்நாட்டார் மறவார். அத்துணைக் கொடுமை இப்போதில்லை. ஆயினும் மூன்றாந் தட்டின் பாதியிலே ஒரு முறை மின்சாரம் நின்றது. நான்காவது, வகுக்கும்போதே உயிர்விட்டது. இரண்டை இணையாக்கினேன், ஒன்றை மாற்றுக்கென வைத்தேன்.

இணையென்பது, எழுதுவதனைத்தையும் இரு தட்டிலும் எழுதுதல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பெண்ணும் உடன் எழுதப்படும். மாதந்தோறும் இயந்திரம் யாவற்றையும் தானே படித்துப் பார்த்து, ஒரு தட்டிலே பிழை கண்டால் மற்றையதைக் கொண்டு திருத்தும். 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங் கண்டது என் நினைவுக்கு வந்தது. எது சரியான பாடமென்று தேர அவருக்குப் புலமை வேண்டியிருந்தது; இதற்கு ஓர் எண் போதும்.

உப்பும் கட்டணமும்

இயந்திரம் சும்மா இருக்கும்போதே 120 வாற்று மின்சாரம் உண்டது. மாதத்துக்கு ஏறக்குறைய 86 அலகு! ஓய்வூதியம் தாங்காது. இரண்டு செயலிகளுள் ஒன்றைக் கழற்றினேன். 80 வாற்றாகக் குறைந்தது. மாலையிலே நான்கு மணிநேரம் மாத்திரம் இயக்குகிறேன். மாதம் பத்து அலகளவில் முடிகிறது. எங்கள் ஊரைச் சூழ்ந்த ஈரநிலம் 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் இடம்பெற்ற பெருமை உடையது. பூநாரை காண அயலூரார் வருவர். அந்தப் பூநாரைக்கு இனிய உப்புக்காற்று உலோகத்துக்குப் பகை. கடல் பார்த்த சாளரத்தை மூடி, மாதமொரு முறை தூரிகையால் தூசு நீக்குகிறேன்.

இயந்திரம் ஒன்றையே நம்பியிருத்தலும் பேதைமை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியில்லாதவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் அந்த வடுவை நன்கறிந்தவை. ஆகவே கொப்பியின் படி ஒன்றைக் கடல்கடந்த மாணவனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஆறாம் மாதச் சரிபார்ப்பிலே ஒரு தட்டிற் பிழை கண்டு திருத்தியதாக இயந்திரம் அறிவித்தது. அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் குறையவில்லை.

சென்ற மாதம் அக்காவை அழைத்து வந்து காட்டினேன். தகப்பனாரின் எழுத்தைத் திரையிலே கண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு சாம்பல் நிறப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மெல்லிய குரலிலே பாடத் தொடங்கினார். இரண்டு தருக்கள் முழுமையாக வந்தன, பதிவு செய்துகொண்டேன். மூன்றாவதன் முதலடியோடு குரல் நின்றுவிட்டது.

"மிச்சம் வருகுதில்லைத் தம்பி" என்றார்.

அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறேன். அறிந்தவர் எவரேனும் இருப்பின் வங்காலைக்கு வரட்டும். மாலையிலே நான்கு மணிநேரம் இயந்திரம் விழித்திருக்கும்.