கசப்பை நிறுக்கும் நாக்கு

கசப்பு என்றதும் முகத்தைச் சுளிப்பது குழந்தைகளின் இயல்பு. அக்குழந்தைகளே வளர்ந்தபின், பாகற்காய்க் கறியையும் வேப்பம்பூ வடகத்தையும் கேட்டு வாங்கி உண்கின்றனர். நாக்கு கசப்பை வெறுத்தே பிறக்கிறது. பழக்கத்தினால் அதனை விரும்பக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட பின்னரோ, நல்ல கசப்பு எது, தீய கசப்பு எது என்று பிரித்தறியவும் வல்லதாகிறது.

இவ்வாறு பிரித்தறியும் ஆற்றலை ஒரு முறைமைக்குள் அடக்கி, புள்ளியிட்டுத் தீர்ப்புக் கூறும் போட்டிகள் மேல்நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அங்கே நடுவர்முன் வைக்கப்படும் பானங்களுள் பெயர் பெற்றது ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் பியர் வகை. சுருக்கமாக ‘ஐ.பி.ஏ.’ என்பர். பெயரில் இந்தியா இருக்கிறது, பிறந்ததோ இங்கிலாந்தில், மறுபிறவி எடுத்தது அமெரிக்காவில். இந்தியாவில் அதனை அருந்தியோர் பெரும்பாலும் அங்கு உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயரே.

மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தெளிவாகவே கூறிவிட்டது. ஒரு பொருளைச் சுவைத்து நேர்மையாகத் தீர்ப்பளிப்பது எத்துணை அரிய செயல் என்பதை இப்பானத்தின் கதை நன்கு விளக்குகிறது. அதனாலேயே அதனை இங்கு எடுத்துக்கொண்டோம்.

கடல் கடந்த பீப்பாய்

பியரின் உடல் வாற்கோதுமை. அதனை முளைக்கவைத்து உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, இனிய சாறு எடுப்பர். அச்சாற்றுடன் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைப்பர். ஆறிய பின் மதுவம் சேர்க்க, சாறு நொதித்துப் பியராகிறது. வாற்கோதுமை இனிப்பைத் தருகிறது. ஹொப்ஸ் பூ கசப்பையும் மணத்தையும் தருகிறது. அக்கசப்புக்கு மற்றொரு பயனும் உண்டு. பியரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது வளரவிடாது தடுக்கிறது. நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய பியருக்கு ஆலையாளர் ஹொப்ஸை மிகுதியாக இட்டதன் காரணம் இதுவே.

இலண்டன் மாநகரின் கிழக்கே ‘போ’ என்னுமிடத்தில் 1752ஆம் ஆண்டில் தொழில் தொடங்கியவர் ஜோர்ஜ் ஹொட்ஜ்சன். அவருடைய ஆலை கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல்கள் தங்கும் துறைக்கு அண்மையில் இருந்தது. கப்பற்றலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடனும் கொடுத்தார். இவ்விரு காரணங்களாலும் அவருடைய பியர் கல்கத்தாவில் முதலிடம் பெற்றது.

அக்காலத்தில் சூயஸ் கால்வாய் இல்லை. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்களில் இந்தியாவை அடைந்தன. வெப்பத்தில் பியர் கெடுவதைக் கண்ட ஹொட்ஜ்சன், அதற்கென்றே இப்புதிய வகையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. வரலாற்றாய்வாளர் அதனை ஏற்பதில்லை. வெளிறிய நிறப் பியரும், ஹொப்ஸ் மிகுந்தால் பியர் நீடிக்கும் என்ற அறிவும் அவருக்கு முன்னரே இருந்தன. கரிய நிறப் ‘போர்ட்டர்’ வகைப் பியரும் அதே கடல்வழியில் நலமாகவே இந்தியா சென்றது. ஆனால் நீண்ட பயணத்தின்போது பீப்பாய்க்குள்ளே பியர் முதிர்ந்து நயம் பெற்றது என்பது உண்மை.

1822ஆம் ஆண்டில் ரஷ்யா விதித்த உயர்ந்த வரியினால், பேர்ட்டன் நகரத்துப் பியர் ஆலைகள் தம் பழைய சந்தையை இழந்தன. அவ்வாலையாளருள் ஒருவரான சாமுவேல் அல்சொப் இந்தியச் சந்தையின் பக்கம் திரும்பினார். பேர்ட்டன் கிணற்று நீரில் கல்சியம் சல்பேற்று மிகுதி. அந்நீர் ஹொப்ஸின் கசப்பைக் கூர்மையாக எடுத்துக் காட்டியது. விரைவில் பேர்ட்டனின் பியர் ஹொட்ஜ்சனுடையதை வென்றது. ‘கிழக்கிந்திய பேல் ஏல்’ என்ற பெயரோ, 1829ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பத்திரிகை விளம்பரமொன்றில் காணப்படுகிறது.

பசுபிக் கரையில் மறுபிறவி

இருபதாம் நூற்றாண்டில், போர்க்கால வரிகளாலும் தட்டுப்பாட்டாலும் இங்கிலாந்தில் இப்பானம் வலுவிழந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து ஆராய்ச்சியாளர் ‘கஸ்கேட்’ என்னும் புதிய ஹொப்ஸ் இனத்தை வெளியிட்டனர். நாரத்தங்காய்த் தோலைக் கீறினால் எழும் வாசனையை ஒத்தது அதன் மணம். சான்பிரான்சிஸ்கோ நகரின் ‘அங்கர்’ ஆலை 1975ஆம் ஆண்டில் அந்த ஹொப்ஸைக் கொண்டு ‘லிபர்ட்டி ஏல்’ என்ற பியரை ஆக்கியது. சிறிய ஆலைகளில் கைவினைப்பொருள் போல ஆக்கப்படும் ‘கிராஃப்ட்’ பியர்களுக்கு அது ஒரு வழிகாட்டியாயிற்று. அவ்வழியில் வந்த புதிய ஐ.பி.ஏ. வகைகளில் அன்னாசி, மாம்பழம், எலுமிச்சை, தேவதாரு ஆகியவற்றின் மணங்கள் முன்னிற்கின்றன. அவ்வளவும் பூவின் மணமேயன்றிப் பழச்சாறு சேர்த்து வந்ததன்று.

நடுவர் மேசையில்

பியருக்குத் தீர்ப்புக் கூறுவோரைப் பயிற்றிப் பரீட்சை நடத்தும் திட்டமொன்று அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் புள்ளித்தாளில் மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமையான மதிப்பீட்டுக்கு 10. கண்ணைக் கவரும் பொன்னிறத்துக்கும் வெண்ணுரைக்கும் கிடைப்பது மூன்றே புள்ளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடுவர் வாசனைத் திரவியம் பூசிவரலாகாது. காரமான உணவை முன்னரே தவிர்த்துக்கொள்ள வேண்டும். மேசையில் நீரும் சுவையற்ற ரொட்டியும் இருக்கும். குவளையில் எண் மட்டுமே குறித்திருக்கும். ஆக்கியவர் யார், விலை என்ன என்பவற்றை நடுவர் அறியார். சில மிடறே அவருக்கு வேண்டும்.

ஊற்றிய உடனே அவர் குவளையை மூக்கருகே கொண்டுசெல்கிறார். மணம் விரைந்து பறந்துவிடும், நிறம் காத்திருக்கும். மணத்தைக் குறித்த பின்னரே ஒளியில் உயர்த்தி நிறத்தையும் நுரையையும் நோக்குகிறார். பின்பு ஒரு மிடறு. முதலில் வாற்கோதுமையின் மெல்லிய இனிப்பு. அதன்மேல் ஹொப்ஸின் வாசனை. விழுங்கிய பின் மெல்ல எழுந்து நிற்கும் கசப்பு. விழுங்கும்போது மணம் தொண்டையின் பின்வழியாக மீண்டும் மூக்கை அடைகிறது. நாம் சுவை என்று கூறுவதில் பெரும்பங்கு அம்மணமே. தடிமன் பிடித்த நாளில் உணவு சப்பென்றிருப்பது இதனாலேயே.

நாவின் நுனியில் இனிப்பும் அடியில் கசப்பும் மட்டுமே உணரப்படும் என்று காட்டும் படத்தைப் பள்ளிப் புத்தகங்களில் பலரும் பார்த்திருப்போம். அது தவறு. நாவின் சுவையுணரும் பகுதிகள் எல்லாம் எல்லாச் சுவைகளையும் உணர வல்லவை.

கசப்பையும் அளந்து எண்ணால் குறிப்பர். அமெரிக்க ஐ.பி.ஏ. வகைக்குப் போட்டி விதிகள் 40 முதல் 70 அலகு வரை கூறுகின்றன. மதுசாரம் நூற்றுக்கு 5.5 முதல் 7.5 வீதம். ஆயினும் எண் தீர்ப்பாகிவிடாது. இனிப்பு மிகுந்த பானத்தில் 60 அலகும் மென்மையாகத் தோன்றும். இனிப்புக் குறைந்ததில் 40 அலகும் உறைக்கும்.

நம் முன்னோர் வகுத்த அறுசுவையில் கைப்பும் துவர்ப்பும் வெவ்வேறு. மேல்நாட்டுப் புள்ளித்தாளும் அவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. கசப்பு அங்கே சுவை. துவர்ப்போ வாயில் உணரும் தன்மையின்பாற்பட்டது. நல்ல ஐ.பி.ஏ.யின் கசப்பு தெளிவாக எழுந்து, சிறிது நேரம் நின்று, விடைபெற வேண்டும். வாழைக்காய்த் தோலைக் கடித்தாற்போல நாவை இழுத்துப் பிடித்தால் அது குற்றம். பயிலாத நாக்கு இரண்டையும் ‘ஒரே கசப்பு’ என்று ஒதுக்கிவிடும். பயின்ற நாக்கு ஒன்றைப் போற்றும், மற்றதைக் கடியும்.

குற்றமும் காரணமும்

குற்றம் கண்டால் மட்டும் போதாது. அதன் வேரையும் நடுவர் எழுத வேண்டும். வெண்ணெய் மணத்தால், மதுவம் தன் வேலையை முடிக்குமுன் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவார். அவித்த சோள மணம் வந்தால், சாறு போதிய அளவு கொதிக்கவில்லை என்று ஐயுறுவார். அமெரிக்கக் காடுகளில் வாழும் ‘ஸ்கங்க்’ என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தைப் போன்ற வாடை எழுந்தால், போத்தலில் வெயில் பட்டிருக்கிறது. ஹொப்ஸின் கசப்புப் பொருளை ஒளி சிதைத்துவிட்டது. பியரைக் கபிலநிறப் போத்தலில் அடைப்பது இதனைத் தடுக்கவே.

எல்லாவற்றிலும் கொடியது பழமை. ஒட்சிசன் புகுந்த பியரில் ஹொப்ஸ் மணம் மங்கி, நனைந்த காகித அட்டையின் வாடை தலைகாட்டும். இங்கேதான் வரலாறு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஆறு மாதக் கடற்பயணத்தில் முதிர்ந்து நயம் பெற்றதனால் புகழடைந்தது அன்றைய பானம். அதன் பெயரையே தாங்கிய இன்றைய பானமோ, சில வாரங்களிலேயே மணம் இழக்கத் தொடங்குகிறது. அன்று ஹொப்ஸ் காவலனாக வந்தது. இன்று காவல் வேண்டி நிற்பது அந்த ஹொப்ஸின் மணமே. ஆதலால் குளிரில் வைத்து விரைவில் அருந்துமாறு ஆலையாளர் வேண்டுகின்றனர்; பலர் அடைத்த தேதியையும் பொறிக்கின்றனர். பழங்கதையை நம்பி, ‘இது நெடுநாள் வைக்கத்தக்கது’ என்று எண்ணும் நடுவர், பழசான போத்தலின் குற்றத்தைக் குணமென்று எழுதிவிடக்கூடும்.

விருப்பமும் தீர்ப்பும்

நடுவருக்கு வரும் சோதனைகளுள் பெரியது அவரது சொந்த விருப்பம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் தோன்றிய புதிய ஐ.பி.ஏ. வகையொன்று, பழச்சாறுபோலக் கலங்கியே இருக்கும். தெளிந்த பானத்தை விரும்பும் நடுவர் அதனைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆனால் அவ்வகைக்குக் கலங்கலே இலக்கணம். பழைய ஆங்கில வகையில் அதே கலங்கல் புள்ளியை இழக்கச் செய்யும். ‘எனக்குப் பிடிக்கிறதா?’ என்பதன்று நடுவர் கேட்க வேண்டிய வினா. ‘இது எதுவாக இருக்க முயன்றது? அதில் எவ்வளவு தூரம் வென்றது?’ என்பதே வினா.

இதனாலேயே நடுவர் தனித்து அமர்வதில்லை. இருவரோ மூவரோ ஒரே மேசையில் அமர்ந்து, வாய் திறவாமல் தனித்தனியே புள்ளியிடுவர். எழுதி முடித்த பின்னரே பேசுவர். புள்ளிகள் வெகுவாக வேறுபட்டால் மீண்டும் சுவைத்து, காரணம் காட்டி, ஒரு முடிவுக்கு வருவர். மற்றவர் முகத்தைப் பார்த்துத் தம் தீர்ப்பை மாற்றும் பலவீனம் எல்லோரிடத்தும் உண்டு என்பதை அவ்விதியை வகுத்தோர் அறிந்திருந்தனர்.

தாள் நிறைவுற்றதும் அது ஆக்கியவருக்கே திரும்பிச் செல்கிறது. வீட்டின் பின்புறத்தில் சிறு பாத்திரத்தில் வடித்தவராயினும், கடன்பட்டுச் சிற்றாலை தொடங்கியவராயினும், அவர் எதிர்பார்த்திருப்பது அத்தாளையே. ‘நன்று’ என்று மட்டும் எழுதினால் அவர் மகிழ்வார். ஆனால் எதனையும் கற்கமாட்டார். ‘மோசம்’ என்று மட்டும் எழுதினால் மனம் உடைவார்; அப்போதும் எதனையும் கற்கமாட்டார். ‘மணம் நன்று, கசப்பின் பின்னே துவர்ப்புத் தங்குகிறது, ஹொப்ஸ் ஊறும் காலத்தைக் குறைத்துப் பாருங்கள்’ என்று எழுதினால், அடுத்த முறை அவர் கை திருந்தும்.

பரீட்சைத் தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும், மகள் முதன்முதலாகச் சமைத்த கறியைச் சுவைத்துப் பார்க்கும் தாய்க்கும் இது பொருந்தும். அவர்கள் கூறப்போகும் ஒரு சொல்லுக்காக எதிரே ஒருவர் காத்து நிற்கிறார் என்பதை நாம் மறத்தலாகாது.